நூலின் அடியில் ஒரு பெயர்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கிலத்தில் முதன்முதலாக அச்சான நூல் எது என்று கேட்டால், இலக்கியம் படித்தவர்கள் சட்டென்று வில்லியம் காக்ஸ்டன் பெயரைச் சொல்லிவிடுவார்கள். ட்ராய் நகரத்துக் கதைகளைப் பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்த்து, 1473-74 வாக்கில் அவர் அச்சிட்ட நூல் அது. சரியான விடைதான். யார் சொல்லி அவர் அந்த நூலை எழுதி முடித்தார் என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் அவை அமைதியாகிவிடுகிறது. நான் பேசப்போன இடங்களில் எல்லாம் அப்படித்தான் ஆகியிருக்கிறது. இன்று மாலை அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

விடையைக் காக்ஸ்டனே முன்னுரையில் எழுதி வைத்திருக்கிறார். அவர் வணிகர். கென்ட் நாட்டுப்புறத்தில் பிறந்து, கடல் கடந்து ப்ரூஜ் நகரில் ஆங்கிலேய வணிகர்களுக்குத் தலைவராக இருந்தவர். சும்மா இருக்க வேண்டாமே என்று ட்ராய்க் கதையை மொழிபெயர்க்கத் தொடங்கினார். ஐந்தாறு மடிப்புத் தாள்கள் எழுதியதும், தம் ஆங்கிலம் இதற்குப் போதாது என்று மனம் சோர்ந்து மூடி வைத்துவிட்டார். பிறகு ஒருநாள் பர்கண்டி கோமாட்டி மார்கரெட் வேறு காரியமாக அவரை அழைத்தபோது, பேச்சோடு பேச்சாக இதையும் சொன்னார். மார்கரெட் இங்கிலாந்து மன்னர் நான்காம் எட்வர்டின் தங்கை. எழுதியதைக் கொண்டுவரச் சொல்லிப் படித்தார். ஆங்கிலத்தில் குறை கண்டார். இன்னின்ன இடத்தைத் திருத்து, மிச்சத்தையும் எழுதி முடி என்று கட்டளையிட்டார். 1471 செப்டம்பரில் கொலோன் நகரில் காக்ஸ்டன் எழுதி முடித்தார். பேனா தேய்ந்துவிட்டது, கை தளர்ந்துவிட்டது, வெள்ளைத் தாளைப் பார்த்துப் பார்த்துக் கண் மங்கிவிட்டது என்று நூலின் முடிவில் எழுதுகிறார். படி கேட்டவர்கள் பலர். அத்தனை பேருக்கும் கையால் எழுதித் தர முடியாது. அதனால்தான் அச்சுத் தொழிலைக் கற்றார்.

ஆக, ஆங்கிலத்தின் முதல் அச்சு நூலுக்கு மெய்ப்புத் திருத்தியவர் என்று ஒருவரைச் சொல்லவேண்டுமானால், அவர் ஒரு பெண். நூல் என்றதும் ஆசிரியர் பெயரை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும் பழக்கம் நமக்கு இருக்கிறது. எழுதச் சொன்னவர், படியெடுத்தவர், பணம் போட்டவர், எழுத்தைக் கோர்த்தவர், கடையில் வைத்து விற்றவர், இவ்வளவு பேர் சேர்ந்தால்தான் ஒரு நூல் நம் கைக்கு வருகிறது. அந்தப் பெயர்கள் தலைப்புப் பக்கத்தின் அடியிலும் நூலின் கடைசிப் பக்கத்திலும் சிறிய எழுத்தில் இருக்கும். அங்கே பார்க்கத் தொடங்கினால், பெண்கள் வரிசையாக எழுந்து வருகிறார்கள்.

அச்சுக்கு முந்திய காலத்திலிருந்தே தொடங்கலாம். 1373 மே மாதம். நார்விச் நகரில் முப்பது வயதுப் பெண் ஒருவர் சாகக் கிடக்கிறார். அப்போது அவருக்குக் காட்சிகள் தெரிகின்றன. உள்ளங்கையில் ஒரு சிறு கொட்டை அளவுக்கு ஏதோ ஒன்று இருக்கிறது. இது என்ன என்று கேட்கிறார். படைக்கப்பட்டவை அனைத்தும் இதுவே என்று பதில் வருகிறது. அவர் பிழைத்தெழுந்தார். கண்டதை எழுதினார். பின்பு பல ஆண்டுகள் அதையே சிந்தித்து, விரித்து மறுபடியும் எழுதினார். ஒரு பெண் எழுதியது என்று நமக்குத் தெரிந்து ஆங்கிலத்தில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய நூல் அதுதான். அவருடைய இயற்பெயர்கூட உறுதியாகத் தெரியாது. ஓர் அறைக்குள் தம்மை அடைத்துக்கொண்டு துறவியாக அவர் வாழ்ந்த தேவாலயத்தின் பெயரால் ஜூலியன் என்று அழைக்கிறோம்.

அந்த விரிவான நூல் எப்படிப் பிழைத்தது என்பதுதான் எனக்கு முக்கியம். இங்கிலாந்தில் மதம் மாறியது, மடங்கள் இடிந்தன. கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண்கள் பிரெஞ்சு மொழி பேசும் நாடுகளுக்குப் போய்க் கன்னியர் மடங்கள் அமைத்தார்கள். காம்ப்ரே, பாரிஸ் ஆகிய ஊர்களில் இருந்த ஆங்கிலக் கன்னியர் பதினேழாம் நூற்றாண்டில் ஜூலியனின் நூலைக் கையால் படியெடுத்தார்கள். 1670-ல் அச்சில் வந்தது. மூலப்படி இன்று இல்லை. அந்தக் கன்னியர் உட்கார்ந்து எழுதியிராவிட்டால் விரிவான வடிவம் நமக்குக் கிடைத்திருக்குமா என்று எண்ணிப் பாருங்கள்.

ஜூலியனைத் தேடிப்போய்ப் பேசியவர் மார்ஜரி கெம்ப். இன்று கிங்ஸ் லின் எனப்படும் துறைமுக நகரத்து மேயரின் மகள். பதினான்கு பிள்ளைகள் பெற்றவர். பீர் காய்ச்சும் தொழில் நடத்தி நொடித்தார். குதிரை பூட்டிய மாவு ஆலை நடத்தினார், அதுவும் கைகொடுக்கவில்லை. பிறகு எருசலேம், ரோமாபுரி என்று யாத்திரை போனார். கோயிலிலும் தெருவிலும் வாய்விட்டு அழுவார். கூட வந்தவர்கள் வெறுத்து விலகினார்கள். தம் வாழ்க்கையை நூலாக்க வேண்டும் என்று தீர்மானித்தபோது அவருக்கு வயது அறுபதை ஒட்டியிருந்தது. எழுதத் தெரியாது. முதலில் ஒருவருக்குச் சொல்லச் சொல்ல எழுத வைத்தார், அவர் இறந்துபோனார். எழுதிய தாள்களைப் பாதிரியார் ஒருவரிடம் கொண்டுபோனார். இது நல்ல ஆங்கிலமும் இல்லை, ஜெர்மனும் இல்லை, எழுத்தும் புரியவில்லை என்றார் பாதிரியார். ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டார். கடைசியில் எழுத உட்கார்ந்தால் கண் தெரியவில்லை. மூக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்தார், இன்னும் மோசமாயிற்று. போய் மார்ஜரியிடம் முறையிட்டார். அவர் பிரார்த்தனை செய்கிறேன், நீங்கள் முடிந்தவரை எழுதுங்கள் என்றார். 1436-ல் வேலை தொடங்கியது.

ஒரு நூலை வெளிக்கொண்டுவர இவ்வளவு மன்றாடிய ஒருவரை எழுத்தாளர் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? எழுதுகோலைப் பிடித்தது இன்னொருவர் கை என்பதைக் காட்டி அவருடைய உரிமையைக் குறைப்பவர்களோடு எனக்கு உடன்பாடே கிடையாது. ஆங்கிலத்தின் முதல் தன்வரலாறு என்று பலராலும் கருதப்படுவது இந்த நூல்தான். 1501 வாக்கில் காக்ஸ்டனின் வழிவந்த அச்சுக்காரர் விங்கின் டி வோர்ட் இதிலிருந்து சில பக்கங்களை மட்டும் பொறுக்கி அச்சிட்டார். அழுகையும் சண்டையும் பயணமும் போய், அடக்கமான ஒரு பக்திமாது மட்டும் அதில் மிஞ்சினார். முழுக் கைப்படி 1934-ல் ஒரு குடும்பத்தாரின் வீட்டு அலமாரியிலிருந்து வெளிப்பட்டது. இது இன்னாருடைய நூல் என்று கண்டு சொன்னவர் ஹோப் எமிலி ஆலன் என்ற அமெரிக்கப் பெண் அறிஞர்.

இனி அச்சுக் காலத்துக்கு வருவோம். சர் தாமஸ் மோரின் மகள் மார்கரெட் ரோப்பர் எராஸ்மஸின் லத்தீன் நூல் ஒன்றை மொழிபெயர்த்தார். நூலில் அவர் பெயர் இல்லை. பத்தொன்பது வயதுக் கற்றறிந்த நற்பெண் ஒருத்தி என்று மட்டும் போட்டார்கள். அரசி காத்தரின் பார் 1545-ல் ஜெபநூல் வெளியிட்டபோது தம் பெயரையே போட்டுக்கொண்டார். பட்டத்தரசிக்கு அது முடிந்தது.

பட்டமும் பரம்பரையும் இல்லாத ஒரு பெண்ணைப் பாருங்கள். இசபெல்லா விட்னி. லண்டனில் வேலைக்காரியாக இருந்தவர், வேலை போயிற்று. திருமணமான சகோதரிக்கு ஒரு கவிதையில் எழுதுகிறார்: எனக்கும் கணவனும் வீடும் இருந்தால் மற்றப் பெண்களைப் போல நானும் அதைப் பார்த்துக்கொண்டு இருப்பேன், வீட்டுக் கவலை என்னைக் கட்டிப்போடும் வரைக்கும் என் புத்தகமும் பேனாவுமே எனக்கு வேலை. 1573-ல் வந்த அவருடைய தொகுப்பின் கடைசியில் லண்டன் நகரத்துக்கு எழுதிய உயில் என்று ஒரு நீண்ட கவிதை இருக்கிறது. கையில் காசில்லாமல் நகரத்தை விட்டுப் போகிறவர், நகரமே தம் சொத்து என்பதுபோல அதை அதற்கே எழுதி வைக்கிறார். ரொட்டிக் கடை, இறைச்சிக் கடை, துணிக்கடை, கடன்காரர் சிறை, எல்லாம் அந்த உயிலில் வருகின்றன. புனித பவுல் தேவாலயத்தை ஒட்டிய நூல் கட்டுநர்களின் கலை எனக்குப் பிடிக்கும், வாரந்தோறும் அவர்களுக்குப் பணம் கிடைக்கட்டும் என்கிறார். என் அச்சுக்காரருக்கும் ஒரு பங்கு உண்டு, என் நண்பர்கள் இந்த நூல்களை அவரிடமே வாங்கட்டும் என்கிறார். நூல் வெளியே வருவதற்குப் பின்னால் எத்தனை கைகள் இருக்கின்றன என்று அந்த ஏழைப்பெண்ணுக்குத் தெரிந்திருந்தது.

எலிசபெத் ஜோஸ்லின் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. வயிற்றில் பிள்ளை அசைவதை உணர்ந்ததும், பிரசவத்தில் இறந்துவிடுவோம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. யாருக்கும் தெரியாமல் தமக்கென்று ஒரு பிணப்போர்வை வாங்கி வைத்தார். பிறக்கப்போகும் பிள்ளைக்கு அறிவுரையாக ஒரு கடிதம் எழுதினார். 1622 அக்டோபரில் பெண் குழந்தை பிறந்தது. ஒன்பதாம் நாள் தாய் இறந்தார். முடிவு பெறாத அந்த எழுத்து 1624-ல் நூலாகி, மறுபடியும் மறுபடியும் அச்சானது. அன்றைய இங்கிலாந்தில் ஒரு பெண் துணிந்து உபதேசம் செய்யக்கூடிய ஒரே பீடம் தாய்மைதான். சாவு முன்னால் நின்றபோது அவர் அந்தப் பீடத்தில் ஏறிப் பேசினார்.

எழுதியவர்களைப் பற்றி இவ்வளவு. அச்சுக்கூடத்துக்குள் போவோம்.

1540-ல் லண்டன் ஃப்ளீட் தெருவில் ராபர்ட் ரெட்மன் என்ற அச்சுக்காரர் இறந்தார். மனைவி எலிசபெத் கூடத்தை இழுத்து மூடவில்லை. சட்ட நூல்கள் உட்பட ஒரு பத்து நூல்களைத் தம் பெயரிலேயே அச்சிட்டார். முதலில் ரெட்மனின் மனைவியாயிருந்த எலிசபெத் என்று போட்டுக்கொண்டவர், பிறகு எலிசபெத் பிக்கரிங் என்று தம் பிறந்தகத்துப் பெயரையே போட்டுக்கொண்டார். இங்கிலாந்தில் தம் பெயரில் நூல் அச்சிட்டவராக நமக்குத் தெரிந்த முதல் பெண் அவர். சிறிது காலத்தில் மறுமணம் செய்துகொண்டார். அச்சுத் தொழிலில் அவர் பெயர் அதோடு நின்றுவிட்டது.

1557-ல் லண்டன் நூல் தொழிலாளர் சங்கத்துக்கு அரச சாசனம் கிடைத்தது. கைம்பெண் கணவனின் தொழிலைத் தொடர்ந்து நடத்தலாம் என்பது அங்கே வழக்கமாயிற்று. கணவன் இறந்த மறுநாளே காகிதத்துக்கு விலை பேசவும், வேலையாட்களுக்குக் கூலி கணக்குப் பார்க்கவும் ஒரு பெண்ணால் முடிந்தது என்றால், கணவன் இருந்த காலத்திலும் அந்த வேலையை அவள் பார்த்திருக்கிறாள் என்றுதான் பொருள். ஆனால் அந்த ஆண்டுகளில் நூலின் அடியில் கணவன் பெயர் மட்டுமே இருக்கும். ஜாக்குலின் வோத்ரோலியே என்ற பிரெஞ்சு அகதிப் பெண்ணுக்குச் சங்கம் அந்த உரிமையைக்கூட மறுத்தது. தொடங்கிய வேலையை முடித்துக்கொள், புதிதாக அச்சிடாதே என்றது. அவர் அச்சுக்கூடத்தில் தொழில் பழகிய ரிச்சர்ட் ஃபீல்டை மணந்தார். ஷேக்ஸ்பியரின் முதல் அச்சு நூலான கவிதையை 1593-ல் அச்சிட்டது அந்த ஃபீல்டுதான்.

என் பெரியம்மா ஒரு சிறிய அச்சகத்தில் அச்சுக் கோர்த்தவர். பள்ளி விட்டதும் அவர் பக்கத்தில் போய் நிற்பேன். ஈய எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி இருக்கும். வரி தலைகீழாக நிற்கும். அதை அவர் நாம் நாளிதழ் படிப்பதுபோலப் படிப்பார். கண் கையெழுத்துப் படியிலேயே இருக்கும். கை மட்டும் எழுத்துப் பெட்டியின் அறைகளுக்குள் போய்வரும். விரல் நுனியில் கறுப்பு ஏறி, சோப்புப் போட்டாலும் போகாது. ஒரு சொல் பிழையாக இருந்தால் கோர்ப்பதை நிறுத்திவிட்டு, இதை எழுதினவர் யார் என்று கேட்பார். அச்சுக் கோர்ப்பவர் தான் கோர்ப்பதைப் படிக்கிறார் என்பதை நான் அங்கேதான் கற்றேன்.

டேசி சோல் என்ற பெண்ணைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெரியம்மாவின் விரல்கள் நினைவுக்கு வருகின்றன. டேசியின் தந்தை ஆண்ட்ரூ சோல் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினரின் அச்சுக்காரர். அரசு ஆட்கள் புகுந்து அச்சுப்பொறியை உடைத்துப்போன வீடு அது. 1691-ல், கண் மங்கிய தந்தையிடமிருந்து மகள் தொழிலை எடுத்துக்கொண்டார். 1749-ல் இறக்கும் வரை, அரை நூற்றாண்டுக்கு மேல், குவேக்கர்களின் நூல்கள் பெரும்பாலும் அந்தக் கூடத்திலிருந்தே வந்தன. அக்காலத்துப் புத்தகக் கடைக்காரர் ஜான் டன்டன், தொழிலை நன்றாக அறிந்தவர், தாமே நல்ல அச்சுக்கோர்ப்பாளர் என்று அவரைப் பற்றி எழுதியிருக்கிறார்.

1706-ல் டேசிக்குத் திருமணம் ஆனது. அதன்பின் நூல்களின் அடியில் தாய் ஜேன் சோலின் பெயர் வரத் தொடங்கியது. 1710-ல் அந்தப் பெயரில் ஐந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட ஒரு தடித்த நூல் வந்தது. குவேக்கர்களின் தாய் என்று போற்றப்பட்ட மார்கரெட் ஃபெல்லின் எழுத்துகள். 1666-ல் அவர் எழுதிய சிறு நூல் ஒன்றும் அதில் இருக்கிறது. நம்பிக்கைக்காகச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த காலத்தில் எழுதியது. சபையில் பெண்கள் பேசாமல் இருக்கக்கடவர்கள் என்ற பவுலின் வசனத்தை எடுத்துக்கொண்டு, வேதத்தைக் கொண்டே வாதிட்டு, பெண்கள் பேசலாம், பேசவேண்டும் என்று நிறுவுகிறார். லத்தீன் வேதாகமத்தில் அந்த வசனத்தின் வினைச்சொல் 'டாச்செரே', பேசாதிருத்தல். அதன் ஏவல் வடிவம்தான் டேசி என்ற பெயர். பேசாதிரு என்று பெயரிடப்பட்டு வளர்ந்த மகள் நடத்திய கூடத்தில்தான், பெண்கள் பேசவேண்டும் என்ற அந்த வரிகள் ஒவ்வோர் எழுத்தாக ஈயத்தில் கோர்க்கப்பட்டு அச்சேறின.

நன்றி.