மச்சானின் குட்டை ரைபிளும் நம் தோள்பட்டையும்

வணக்கம் மக்களே. கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பிய கேள்வியை இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். வழக்கமாக எனக்கு வருவது "அண்ணே, லைசென்ஸுக்கு எவ்வளவு செலவாகும்" என்கிற ரகம். இது அப்படி இல்லை. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தும் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். மீன்குழம்பு ஆறிப்போய் வீட்டில் திட்டும் வாங்கினேன்.

அவர் எழுதியது இதுதான்: "அண்ணே, என் மச்சான் டெக்ஸாஸில் இருக்கிறார். கிரீன் கார்டு வந்தாச்சு. குட்டையாக ஒரு ரைபிள் வாங்கி வீடியோ காலில் காட்டினார். அதில் போடுவது அவருடைய பிஸ்டலில் போடும் அதே 9 மி.மீ. தோட்டா. பிஸ்டலின் தோட்டாப் பெட்டி, மேகஸின், அதுவே இதிலும் மாட்டுகிறது. சின்னத் தோட்டாவுக்கு எதற்கு இவ்வளவு நீளத் துப்பாக்கி? குழல் நீண்டால் குண்டு ரைபிள் குண்டு மாதிரி பாயுமா? நம் ஊரில் இது கிடைக்குமா?" கடைசியில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறார். அதற்கு அப்புறம் வருகிறேன்.

இந்த வகைக்கு அமெரிக்காவில் பிஸ்டல் காலிபர் கார்பைன், அதாவது பிஸ்டல் தோட்டா போடும் குட்டை ரைபிள், என்று பெயர். கார்பைன் என்றதும் நம் ஊர்ப் பழைய பட்டாளத்துக்காரர்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். கான்பூரில் செய்த 9 மி.மீ. 1ஏ1, வாழைக்காய் மாதிரி வளைந்த 34 தோட்டா மேகஸின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் குழல் 8 அங்குலம்கூட இல்லை. அது தொடர்ந்தும் சுடும். மச்சான் வைத்திருப்பது விசையை ஒரு தடவை இழுத்தால் ஒரு குண்டு போகும் சாதனம். குழல் 16 அங்குலத்துக்குக் குறையாது. 1934-இல் வந்த அவர்கள் சட்டப்படி, ரைபிள் குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தால் அது தனி வகையாகிவிடும், தனியாகப் பதிவு செய்ய வேண்டும். ஆக, அந்த நீளத்தில் பாதி சட்டம் வளர்த்துவிட்ட நீளம்!

சரி, குழல் நீண்டால் குண்டு வேகமாகப் போகுமா? கொஞ்சம் போகும். சாதாரண 9 மி.மீ. குண்டு பிஸ்டலில் விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் வேகத்தில் கிளம்பினால், 16 அங்குலக் குழலில் 400-ஐ ஒட்டி வரும். நம் பட்டாளத்து இன்சாஸ் ரைபிளில் அது 900. எங்கே 400, எங்கே 900? காரணம் தோட்டாவுக்குள் இருக்கும் வெடிமருந்து. பிஸ்டல் தோட்டாவில் மருந்தும் கொஞ்சம், எரிவதும் சட்டென்று. ஸ்டார்ட் ஆகாத ஜீப்பை நாலு பேர் தள்ளுகிறோம் என்று வையுங்கள். தள்ளுகிறவனுக்கு மூச்சு இருக்கும் வரைதான் வேகம் ஏறும். அதற்கப்புறம் ரோடு மார்த்தாண்டம் வரை நீண்டு கிடந்தாலும் ஜீப் தானாகத்தான் உருள வேண்டும். 9 மி.மீ.-க்குப் பத்துப் பன்னிரண்டு அங்குலத்திலேயே மூச்சு வாங்கிவிடும். .357 மேக்னம் மாதிரி மருந்து நின்று எரியும் தோட்டாக்களுக்கு நீளக் குழலில் நல்ல லாபம் உண்டு. அது வேறு கதை.

அப்படியானால் எதற்கு? இதைத்தான் நான் வீடியோவுக்கு வீடியோ சொல்லிக்கொண்டிருக்கிறேன், பழைய ஆட்கள் சிரிப்பீர்கள்: தோள்பட்டை. துப்பாக்கிக்குத் தோள் கிடைத்தால் போதும்.

தொரட்டியால் சக்கை பறித்திருப்பீர்கள். கம்பை வெறும் கையில் தூக்கிப் பிடித்தால் நுனி ஆடும், காம்பைத் தேடிக்கொண்டே இருக்கும். அதே கம்பை ஒரு கிளையில் சாய்த்துப் பாருங்கள், ஒரே இழுப்பு. கம்பும் மாறவில்லை, கத்தியும் மாறவில்லை. பிஸ்டலுக்கு உங்கள் இரண்டு கையைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. கார்பைனுக்கு இரண்டு கை, தோள், கன்னம் என்று நாலு இடம்.

நான் பயிற்சி கொடுத்த காலத்தில், பிஸ்டலில் 25 மீட்டரில் பத்துக் குண்டு சுட்டு நாலைக்கூடக் குறி அட்டையில் காட்டாத பையன்களைப் பார்த்திருக்கிறேன். ஒருத்தன் அழுதே விட்டான். அன்றைக்கே அவன் கையில் கார்பைனைக் கொடுத்து, ஒற்றை ஒற்றையாகச் சுடச் சொன்னேன். அதே பெட்டித் தோட்டா. பத்தும் அட்டையில். "உஸ்தாத், இது நல்ல துப்பாக்கி" என்றான். துப்பாக்கி நல்லதில்லையடா, உன் தோள் நல்லது என்றேன்.

ஒரே தோட்டாவை இரண்டிலும் போடுவது புதுசு ஒன்றும் இல்லை. வின்செஸ்டரின் 1873 மாடல் ரைபிள் .44-40 என்ற தோட்டாவோடு வந்தது. சில வருஷத்தில், 1878-இல், கோல்ட் கம்பெனி தன் ரிவால்வரையும் அதே தோட்டாவுக்குச் செய்தது. குதிரையில் போகிறவன் ஒரே பெல்ட்டில் ஒரே தோட்டாவை வைத்துக்கொண்டான். இன்றைக்கு மச்சான் வாங்கியதற்கும் காரணம் அதுவாகத்தான் இருக்கும். 9 மி.மீ. தோட்டா ரைபிள் தோட்டாவைவிட மலிவு. சத்தமும் குறைவு. ரைபிள் தோட்டாவை அனுமதிக்காத பல உள்ளரங்க ரேஞ்சுகளில் இதைச் சுட விடுவார்கள்.

தோளில் நல்ல குத்து குத்துகிறது, சின்னத் தோட்டாவுக்கு இது எப்படி என்று மச்சான் கேட்டதாகவும் தம்பி எழுதியிருக்கிறார். நல்ல கவனிப்பு. போல்ட் என்பது குழலின் பின்வாயை மூடும் இரும்புத் துண்டு. இவற்றில் பெரும்பாலும் போல்ட்டைப் பூட்டி வைக்கும் ஏற்பாடு இருக்காது. போல்ட்டின் கனமும் ஸ்பிரிங்கும்தான் தோட்டாவைத் தாங்குகின்றன. அதனால் போல்ட்டைக் கனமாகச் செய்வார்கள். அந்த இரும்புக்கட்டி பின்னால் ஓடிவந்து முட்டுவதைத்தான் அவர் தோளில் உணர்கிறார்.

இதில் ஒரு பழைய பயம் எனக்கு உண்டு. எங்கள் கார்பைனில் போல்ட் பின்னால் நிற்கும், விசையை இழுத்தால் முன்னால் பாய்ந்து தோட்டாவைத் தள்ளிச் சுடும். மேகஸின் மாட்டியிருந்து, போல்ட் முன்னால் இருக்கும்போது பட், அதாவது தோளில் வைக்கும் பின்பகுதி, தரையில் ஓங்கி இடித்தால், போல்ட் தன் கனத்தாலேயே பின்னால் போய்த் திரும்பி வரலாம். வரும்போது சும்மா வராது, தோட்டாவோடு வரும். லாரியிலிருந்து குதித்த ஒரு பையனுக்கு இப்படி ஆகி, குண்டு என் தலைக்கு மேலே தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டு போனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து யார் லாரியில் ஏறினாலும் நான் முதலில் பார்ப்பது மேகஸினைத்தான். இன்றைக்கும் டெம்போவில் மரச்சீனி ஏற்றுகிறவர்கள் கம்பைத் தரையில் ஊன்றினால் என் கழுத்து தானாக ஒடுங்கும். மச்சானுடையதில் போல்ட் மூடிய நிலையில் சுத்தியல்தான் அடிக்கும், பயப்பட வேண்டாம். ஆனாலும் மேகஸினைக் கழற்றி, தோட்டா உட்காரும் அறைக்குள் கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டுத்தான் வீடியோ காலில் காட்ட வேண்டும் என்று சொல்லுங்கள்.

தூரம் என்று பார்த்தால், 50 கஜத்துக்குக் குறி சரிசெய்தால் 100 கஜத்தில் குண்டு ஐந்து அங்குலம் போலக் கீழே விழும். ஆரல்வாய்மொழிக் காற்று மாதிரி பக்கத்தில் அடித்தால் இன்னும் தள்ளும். 100-க்கு மேலே ஆசைப்படக் கூடாது.

நம் ஊரில் கிடைக்குமா? கிடைக்காது தம்பி. 9 மி.மீ. நமக்குத் தடை செய்யப்பட்ட குழல் அளவு, 'புரொஹிபிட்டட் போர்' என்பார்கள். தானாக அடுத்த தோட்டாவை ஏற்றும் ரைபிளும் 2016 ஆயுத விதிகளில் தடை வகையில்தான் வருகிறது. மச்சான் ஊருக்கு வரும்போது பெட்டியில் வைத்து எடுத்துவரலாமா என்று அடுத்த கேள்வி வேண்டாம், நேராக ஜெயில்தான். அங்கேயும் எல்லாருக்கும் திறந்து கிடக்கவில்லை. கடையில் படிவம் எழுதி, பின்னணி பார்த்துத்தான் கொடுப்பார்கள். வேலை விசாவில் இருக்கிறவர்களுக்கு வேட்டை உரிமம் மாதிரி சில விலக்குகள் தவிரத் தடைதான். இங்கே கலெக்டர் கொடுக்கும் சாதாரண லைசென்ஸில் .32 ரிவால்வர், .315 ரைபிள், ரெட்டைக்குழல் போன்றவைதான். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டுதான், லைசென்ஸ் ஐந்து வருஷம். தேர்தல் வந்தால் பெரும்பாலும் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு ரசீதோடு வீட்டில் உட்கார வேண்டும். பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் விளையில் பன்றி இறங்குகிறது என்று நிறையப் பேர் எழுதுகிறீர்கள். லைசென்ஸ் இருந்தாலும் பன்றியைச் சுட அனுமதி அதில் அடங்காது. அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்.

இப்போது அந்தக் கடைசி வரி. "என் மகள் என்.சி.சி. கேம்பில் .22 சுட்டு வந்தாள், ஐந்தும் ஒரு ரூபாய்க் காசுக்குள் விழுந்ததாம்." தம்பி, இதை முதலில் எழுதியிருக்க வேண்டாமா! டெக்ஸாஸைச் சுற்றிவிட்டு வந்தல்லவா சொல்கிறீர்கள்!

மச்சானின் துப்பாக்கிக்கு நம் நாட்டில் பதில் இந்த .22-தான். அந்த லாங் ரைபிள் தோட்டா பிஸ்டலுக்கும் ரைபிளுக்கும் பொது. ஒலிம்பிக்கில் 25 மீட்டர் பிஸ்டலும் அதுதான், 50 மீட்டர் ரைபிளும் அதுதான். 25 மீட்டரில் நிதானமாகச் சுடும் பிஸ்டல் அட்டையின் பத்துப் புள்ளி வட்டம் 50 மி.மீ. அகலம். ரைபிளுக்குத் தூரம் இரட்டிப்பு, வட்டமோ 10.4 மி.மீ. ஏர் கன்னிலும் அப்படியே. இரண்டுக்கும் 10 மீட்டர், அதே 4.5 மி.மீ. ஈயக் குண்டு. பிஸ்டலுக்குப் பத்து 11.5 மி.மீ., ரைபிளுக்கு 0.5 மி.மீ., பேனாவால் வைத்த புள்ளி! தோள்பட்டை என்று நான் கத்துவதை உலகம் பூராவும் அட்டையில் அச்சடித்தே வைத்திருக்கிறது.

அந்தப் பிள்ளைக்கு ஏர் ரைபிள் வாங்கிக் கொடுங்கள். 4.5 மி.மீ., 20 ஜூலுக்கு மேல் போகாதது என்றால் லைசென்ஸ் வேண்டாம். ஆனால் மொட்டை மாடியில் வைத்துக் காக்கையைச் சுட அல்ல, கோச் இருக்கிற ரேஞ்சுக்குப் போக. ஒரு கண்ணை இறுக்கி மூடிச் சுடுகிறாளா, இரண்டையும் திறந்தா? பட் தோள் குழியில் உட்கார்கிறதா, கை எலும்பில் ஏறுகிறதா? என்.சி.சி. அட்டை பத்திரமாக இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள், ஐந்து ஓட்டையும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.