மாரிஸி விவகாரம்: பத்திரிகைகள் திரித்தனவா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி கோவையிலிருந்து ஒரு தம்பி அனுப்பியது. "அண்ணா, இங்கிலாந்தின் தி ஸ்மித்ஸ் ராக் இசைக்குழுவில் பாடிய மாரிஸி குடியேறிகளுக்கு எதிரானவர் என்கிறார்கள். ரசிகர்களோ எல்லாம் பத்திரிகைகள் கட்டிவிட்ட கதை என்கிறார்கள். எதை நம்புவது? இனி அவர் பாட்டைக் கேட்கலாமா?"

தம்பி, பத்திரிகைகள் அவரிடம் நியாயமாக நடந்துகொண்டனவா என்பது ஒன்று. அவர் சொன்னது சரியா என்பது வேறொன்று. ரசிகர்கள் முப்பது வருஷமாக முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, இரண்டாவதும் தீர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். சிக்கலே அங்கேதான்.

1988-ல் அவருடைய முதல் தனி ஆல்பத்தில், இங்கிலாந்தில் வாழும் ஒரு வங்காளி இளைஞனைப் பார்த்துப் பாடும் பாட்டு ஒன்று வந்தது. இந்த ஊருக்கு உரியவனுக்கே வாழ்க்கை கஷ்டம்தான் என்ற பொருளில் அதில் ஒரு வரி. பரிவா, வெறுப்பா என்று அப்போதே சண்டை. அப்புறம் 1992 ஆகஸ்டில் லண்டன் ஃபின்ஸ்பரி பார்க் கச்சேரி. மேடையின் பின்திரையில் ஸ்கின்ஹெட் எனப்படும், முடியை ஒட்ட வெட்டிய பெண்களின் பெரிய புகைப்படம், இவர் கையில் பிரிட்டிஷ் கொடி. அந்தக் காலத்தில் அந்தக் கொடியும் ஸ்கின்ஹெட் தோற்றமும் சேர்ந்தால், ஆசியர்களைத் தெருவில் துரத்தி அடித்த கும்பல்கள்தான் பலருக்கு நினைவுக்கு வரும். என்எம்இ இசை வார இதழ் அதை அட்டைப்படக் கட்டுரையாகவே போட்டது. இந்திய வம்சாவளி இளைஞர்கள் இருந்த கார்னர்ஷாப் குழு, இஎம்ஐ என்ற இசைத்தட்டு நிறுவன வாசலில் அவருடைய படத்தைக் கொளுத்தியது. அவர்களை யாரும் தூண்டிவிட வேண்டியிருக்கவில்லை. அந்தத் தெருக்களில் நடந்து வளர்ந்த பிள்ளைகள்.

ரசிகர்கள் எப்போதும் எடுத்துக்காட்டுவது 2007 பேட்டியை. குடியேற்றத்தால் இங்கிலாந்தின் அடையாளம் கரைந்துபோகிறது என்ற தொனியில் அவர் என்எம்இ இதழிடம் பேசியது பெரிய புயலானது. அந்தக் கட்டுரை அச்சான விதத்தைப் பாருங்கள்: பேட்டி எடுத்தவர் பெயர் தனியாக, எழுத்து என்எம்இ என்று தனியாக. பேட்டி கண்டவரே கட்டுரையின் இறுதி வடிவத்திலிருந்து விலகி நின்றார். மாரிஸி அவதூறு வழக்குப் போட்டார். 2012 ஜூனில், அவரை இனவெறியாளர் என்று தாங்கள் நினைக்கவில்லை, அப்படி யாராவது புரிந்துகொண்டிருந்தால் மன்னிக்கவும் என்று பத்திரிகை எழுதியது. இடையில் 2008-ல், இனவெறிக்கு எதிரான லவ் மியூசிக் ஹேட் ரேசிசம் அமைப்புக்கு அவர் 28,000 பவுண்டு கொடுத்ததும் உண்மை. இதையெல்லாம் ரசிகர்கள் சொல்வதில் தப்பில்லை. அந்தக் கட்டுரை தலையங்கம் மாதிரி எழுதப்பட்டது என்றுதான் நானும் சொல்வேன்.

சரி, 2019-க்கு வாருங்கள். அமெரிக்காவில் ஜிம்மி ஃபாலன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாட வந்தவரின் கோட்டில் ஒரு சின்ன பேட்ஜ், 'ஃபார் பிரிட்டன்' கட்சியினுடையது. இஸ்லாத்துக்கு எதிரான பேச்சையே முதலாக வைத்து நடந்த தீவிர வலதுசாரிக் கட்சி அது. அதற்கு முந்தைய வருஷமே அவர் அதை வெளிப்படையாக ஆதரித்திருந்தார். இதில் எந்த நிருபர் திரித்தார்? நடுவே ஆளே இல்லையே. கார்டிஃபில் 1894-ல் தொடங்கிய ஸ்பில்லர்ஸ் இசைத்தட்டுக் கடை அவருடைய தட்டுகளை விற்பதை நிறுத்தியது. லிவர்பூல் பக்கம் ஓடும் மெர்சிரெயில், நிலையங்களிலிருந்து அவருடைய ஆல்ப விளம்பரங்களை எடுத்தது. அப்போதும் ரசிகர்களில் ஒரு பகுதி 2012 மன்னிப்பையே திரும்பத் திரும்பக் காட்டியது. ஒரு பத்திரிகை ஒருமுறை வரம்பு மீறியது என்பது, அதற்குப் பின் அவர் செய்த எல்லாவற்றுக்கும் ஆயுள்கால ஜாமீன் ஆகிவிடாது.

இதில் எனக்கு மனசு கனப்பது லாஸ் ஏஞ்சல்ஸ் ரசிகர்களை நினைத்துத்தான். அங்கே அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடுபவர்களில் பெரும்பகுதி மெக்சிகோ வம்சாவளியினர். பாயில் ஹைட்ஸ் பகுதியில் ஒரு மதுக்கூடத்தில் அவர் பாட்டுகளை மட்டுமே பாடும் கரோக்கி இரவுகள் நடக்கும். எல்லை தாண்டி வந்த அம்மா அப்பாவின் பிள்ளைகள், எங்கும் ஒட்டமுடியாத தவிப்பை அந்தக் குரலில்தான் கண்டுகொண்டார்கள். மாரிஸியே அயர்லாந்திலிருந்து மான்செஸ்டருக்குப் பிழைக்கப் போன பெற்றோரின் மகன். அந்தப் பிள்ளைகளிடம் போய் "நீ ஏமாந்தாய்" என்று யாரும் சொல்லக்கூடாது. அவர்கள் பாட்டில் கேட்டது பொய்யில்லை. அதே சமயம், தங்கள் பெற்றோரைப் போன்றவர்களைப் பற்றி அவர் பேசியதைக் கேட்டு மனம் உடைந்தவர்களை, பத்திரிகை பேச்சை நம்பிய துரோகிகள் என்று சக ரசிகர்களே வைவதையும் என்னால் ஏற்கமுடியாது.

கேட்கலாமா என்றால், கேளுங்கள் தம்பி. கேட்பதற்காக அவருக்கு வக்காலத்து வாங்கத் தேவையில்லை. புதுத் தட்டு வாங்குவதா, கச்சேரிக்குக் காசு கொடுப்பதா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், நான் கொடுக்கமாட்டேன். ஆனால் ஸ்மித்ஸ் பாட்டுகளை விட்டுவிடாதீர்கள். வரிகள்தான் அவருடையவை, மெட்டுகள் குழுவின் கிதார் கலைஞர் ஜானி மாருடையவை. மாரின் பெற்றோரும் அயர்லாந்திலிருந்து வந்தவர்கள்தான். அந்த கிதாரை ஹெட்ஃபோனில் கேளுங்கள்.