பத்தாவது படியில் உட்கார்ந்த பெண்

நேயர்களுக்கு வணக்கம். இந்த வானொலி உரைக்கு அழைத்தபோது எதைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்று கேட்டார்கள். வளரிளம் பருவப் பிள்ளைகளின் ஊட்டச்சத்து, அப்புறம் கிராமங்களின் பேரிடர் முன்னேற்பாடு என்றேன். இரண்டில் எது என்று திரும்பக் கேட்டார்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஏன் ஒன்று என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன், அதற்கு ஒரு படிக்கட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கடலோரக் கிராமத்தில் எங்கள் குழு ஒரே சமயத்தில் இரண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு அணி 12 வயதிலிருந்து 18 வயது வரையுள்ள பிள்ளைகளின் விரல் நுனியில் ரத்தம் எடுத்து, ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபின் அதில் எவ்வளவு என்று பார்த்தது. இன்னொரு அணி புயல் ஒத்திகை நடத்தியது. ஒரே அலுவலகம், ஒரே வண்டி, ஆனால் இவர்கள் செய்வது அவர்களுக்குத் தெரியாது. நான் ரத்தம் எடுக்கிற அணி.

விரலில் குத்துவது என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதல் துளியைத் துடைத்துவிட வேண்டும். விரலைப் பிதுக்கக் கூடாது. பிதுக்கினால் திசுக்களில் உள்ள நீரும் ரத்தத்தோடு கலந்து வந்து, இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். வேலைக்குப் புதிதாக வருகிற எல்லாரும் பிதுக்குவார்கள், நானும் பிதுக்கியிருக்கிறேன், துளி வரவில்லையே என்கிற பதற்றம்தான். கையை முதலில் வெதுவெதுப்பாக்கிக்கொண்டால் தானாக வரும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஒத்திகை நாளில் ஆள் போதவில்லை என்று என்னையும் அழைத்துப்போய், கையில் ஒரு நிறுத்துக்கடிகாரத்தைக் கொடுத்துப் பாதுகாப்பு மையத்தின் வாசலில் நிற்கவைத்தார்கள். தூண்கள் மேல் எழுப்பிய கட்டடம், வெள்ளம் கீழே ஓடிவிடும், மக்கள் படியேறி மேலே போக வேண்டும். ஒலிபெருக்கியில் அறிவித்ததும் ஊர் வந்தது. கூட்டத்தின் நடுவில் ஒரு பெண், 14 வயது இருக்கும். இடுப்பில் தம்பி, இன்னொரு கையில் தண்ணீர்க் கேன். பத்துப் படி ஏறினாள், நின்றாள். முதலில் கேனைக் கீழே வைத்தாள், தம்பியை மடிக்கு மாற்றினாள், அப்புறம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டு நின்றார்கள். யாரோ சத்தம் போட்டார்கள். அவளுக்கு வெட்கமாகிவிட்டது, சிரித்துக்கொண்டே "மூச்சு வாங்குது" என்றாள்.

ஒத்திகை அணியின் நோட்டில் அன்று எழுதப்பட்டது இவ்வளவுதான்: படிக்கட்டில் நெரிசல், இரண்டு நிமிடம் தாமதம்.

சாயங்காலம் எங்கள் பதிவேட்டைப் புரட்டினேன். அந்தப் பெண் அதில் இருந்தாள், மூன்று வாரம் முன்பு நானே ரத்தம் எடுத்திருக்கிறேன். ஹீமோகுளோபின் 8.9, அதாவது 100 மில்லி ரத்தத்தில் அத்தனை கிராம். அந்த வயதுக்கு 12 இருக்க வேண்டும். 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை, 11-க்குக் கீழே போனால் மிதமான ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரு நோட்டில் அவள் 8.9, இன்னொரு நோட்டில் அவள் இரண்டு நிமிடம். இரண்டு நோட்டும் ஒரே அறையில் வெவ்வேறு அலமாரியில் இருந்தன. அன்றைக்குப் பிடித்த கிறுக்கு எனக்கு இன்னும் தெளியவில்லை.

ரத்தசோகை சமதளத்தில் நடக்கும்போது அவ்வளவாகத் தெரியாது. ஆக்சிஜனை ஏற்றிச் செல்கிற ஹீமோகுளோபின் குறைவு என்பதால், தேவை கூடும்போதுதான் குட்டு வெளிப்படும். சும்மா இருக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாக அடித்துச் சமாளித்துவிடும். படியேறும்போது, அதுவும் பாரத்தோடு ஏறும்போது, சமாளிக்க முடியாது. நீங்களே மாடிக்கு ஒரு மூட்டையைத் தூக்கிப் போயிருப்பீர்கள், எந்தப் படியில் நின்றீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். பேரிடர் என்பது ஊரே பாரத்தோடு படியேறுகிற நாள்.

ஒரே ஒரு பெண்ணை வைத்து முடிவு கட்டக் கூடாது, அது எனக்கும் தெரியும். உடம்பில் தெம்பு இல்லாதவர் பேரிடரில் எப்படித் தப்புவார் என்ற கேள்வி அவளால் எனக்குக் கிடைத்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்வி பழையது. 1970 நவம்பர் 12 இரவு, இன்றைய வங்கதேசத்தின் கடற்கரையைப் புயல் தாக்கியது. லட்சக்கணக்கில் செத்தார்கள். ஆல்ஃபிரட் சாமர் என்ற இளம் மருத்துவரும் அவருடைய சகாக்களும் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். பிற்காலத்தில் வைட்டமின் ஏ ஆராய்ச்சியால் பெயர் பெற்ற அதே சாமர்தான். பிழைத்தவர்களில் பலருக்கு மார்பிலும், கை கால்களின் உள்பக்கத்திலும் தோல் உரிந்திருந்தது. மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரவு முழுக்க அலையில் கிடந்ததன் தழும்பு அது. அதற்குப் 'புயல் நோய்க்குறி' என்றே பெயர் வைத்தார்கள். இறப்பு எந்தப் பிரிவில் குறைவு என்று பார்த்தால் 15 முதல் 49 வயது ஆண்கள். குழந்தைகள், முதியவர்கள், பெண்கள் அதிகம் போனார்கள். கட்டிப்பிடிக்கத் தெம்பு இருந்தவர்கள் பிழைத்தார்கள். பெண்களின் கையில் பிள்ளையும் இருந்திருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் இதை நான் படிக்கிறேன், என் படிக்கட்டுப் பெண்ணின் இடுப்பில் தம்பி இருந்த மாதிரி.

சரி, வளரிளம் பருவம் ஏன் தனியாக? 10 முதல் 19 வயது. வளர்ந்தவர்களின் எலும்புத் திணிவில் கிட்டத்தட்டப் பாதி இந்த வருடங்களில்தான் சேர்கிறது. தசை கூடுகிறது, ரத்தத்தின் அளவு கூடுகிறது, பெண்களுக்கு மாதவிடாய் வேறு தொடங்குகிறது, இரும்புச்சத்துத் தேவை ஒரேயடியாக ஏறுகிறது. ஆனால் எங்கள் தொழிலில் எல்லாக் கருவியும் இவர்களைத் தாண்டிக் குதித்துவிடும். முகாம்களில் குழந்தை எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று பார்க்க மேல்கையில் சுற்றுகிற அந்த மூன்று வண்ண நாடாவைப் பார்த்திருப்பீர்கள். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு, 12.5 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. அது ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ளவர்களுக்கு. 14 வயதுப் பெண்ணின் கையில் சுற்றினால் அந்த நாடா பச்சையைத்தான் காட்டும், அது அவளைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இந்த வயதுக்கு உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட கைச்சுற்றளவு என்று ஒன்று கிடையாது. எடை பார்த்து, உயரம் பார்த்து, வயதையும் சேர்த்து அட்டவணையில் தேட வேண்டும். வெள்ளத்தில் எடைக்கருவியை யார் தூக்கிக்கொண்டு வருவார்கள்?

பெரும்பாலான ஆய்வுகளும் அப்படித்தான். குழந்தை என்றால் ஐந்துக்குள், பெண் என்றால் 15 முதல் 49. நடுவில் பத்து வருடம் காணோம். பாதியில் வந்து சேர்ந்த நேயர்களுக்காக மறுபடி சொல்கிறேன்: 12 வயதுப் பிள்ளை இந்த இரண்டு பட்டியலிலும் இல்லை, ஆனால் ஒத்திகை என்று வந்துவிட்டால் தம்பியைத் தூக்கு, தண்ணீரைத் தூக்கு, பாட்டியைப் பிடி என்று அந்தப் பிள்ளையிடம்தான் சொல்கிறோம்.

நிவாரண உணவும் இதே கதை. அவசரகாலத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கிலோகலோரி என்று ஒரு திட்ட அளவு வைத்திருக்கிறார்கள். அது குழந்தை முதல் கிழவர் வரை எல்லாரையும் கலந்து எடுத்த சராசரி. ஓடியாடுகிற 16 வயதுப் பையனுக்கு 3,000-ஐத் தாண்டும். சின்னக் குழந்தைகளும் முதியவர்களும் நிறைய உள்ள குடும்பத்தில் பகிர்ந்து சமாளித்துவிடலாம். மூன்று வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீட்டில் அதே பொட்டலம் சீக்கிரம் காலியாகிவிடும், கடைசியில் யார் தட்டு குறையும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நாங்கள் செய்தது ரொம்பச் சின்ன வேலை. இரண்டு நோட்டையும் ஒன்றாக்கினோம். வீட்டுக்கு ஒரு பக்கம், அதில் யார் யாரைத் தூக்க வேண்டும், தூக்குகிறவருக்கு ஹீமோகுளோபின் எவ்வளவு என்று ஒரு கட்டம். ஒத்திகை அணிக்காரர்கள் முதலில் முனகினார்கள், எங்களுக்கு ரத்தக் கணக்கு எதற்கு என்று. அப்புறம் அவர்களே, இந்த வீட்டில் தண்ணீரை முந்தின நாளே மேலே ஏற்றிவிடலாம், அந்த வீட்டுக் குழந்தையைப் பக்கத்து வீட்டுக்காரர் தூக்கட்டும் என்று மாற்ற ஆரம்பித்தார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம். பள்ளிக்கூடத்தைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கிச் சொல்கிறேன். மாதவிடாய் தொடங்கிய பெண்களுக்கு, ரத்தசோகை பரவலாக உள்ள இடங்களில், வாரம் ஒருமுறை 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுக்கச் சொல்கிறார்கள். பல இடங்களில் அதைக் கொடுப்பது பள்ளி. மதிய உணவும் பள்ளியில். புயல் வந்தால் முகாமும் அதே பள்ளி. அதாவது ஊர் முழுவதும் உள்ளே வந்து தங்குகிற நாளில் மாத்திரையும் நின்றுவிடும், சாப்பாடும் நின்றுவிடும், அது எத்தனை வாரம் என்று யாருக்கும் தெரியாது. முகாமின் மருந்துப் பெட்டியில் அந்த மாத்திரையும் ஒரு மாதத்துக்கு இருக்கட்டும். தேநீரோடு விழுங்கச் சொல்லாதீர்கள், இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. மாதவிடாய்த் துணிகள், கழிப்பறையில் தாழ்ப்பாள், இதெல்லாம் இன்னொரு உரைக்கு.

அந்தப் பெண் அடுத்த ஒத்திகைக்கு எப்படி ஏறினாள் என்று கேட்பீர்கள். அவள் வரவில்லை, அன்றைக்கு அவளுக்குப் பரீட்சை. தம்பியை அப்பா தூக்கிக்கொண்டு வந்தார், அவரும் பத்தாவது படியில் கொஞ்சம் நின்றார்.

நன்றி, வணக்கம்.