ஜெனீவாவில் ஒரு இன்டர்னுக்கு என்ன வேலை?

வணக்கம் நேயர்களே.

மார்ச் மாதம் வந்தால் நம் செய்தித்தாள்களில் ஜெனீவாவும் வந்துவிடும். மனித உரிமைப் பேரவை கூடும், இலங்கை பற்றிப் பேச்சு எழும், ஏப்ரலில் எல்லாம் அடங்கிவிடும். அந்த ஊரில், ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தில் நான் இன்டர்னாக இருந்தேன் என்று சொன்னால் சட்டக் கல்லூரி மாணவர்கள் முதலில் கேட்பது, "சார், சண்டை நடக்கிற இடத்துக்கெல்லாம் அனுப்புவாங்களா?" என்றுதான். அனுப்ப மாட்டார்கள். நாற்காலியில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்வார்கள்.

அந்த நாற்காலி இருந்தது பாலே வில்சனில். ஏரிக்கரையில் 1870களில் ஹோட்டலாகக் கட்டிய மாளிகை அது. ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கம் (League of Nations) 1936 வரை அங்கேதான் இயங்கியது. 1998-இல் அது மனித உரிமை அலுவலகத்தின் முகவரி ஆனது. வெளியே நின்று படம் எடுத்துக்கொள்ள அருமையான இடம். உள்ளே நடப்பது என்னவோ நம் தாலுகா ஆபீஸ் போலக் கோப்பு வேலைதான்.

ஒன்றைச் சொல்கிறேன். ஐ.நா.வின் 193 உறுப்பு நாடுகளும் நாலரை ஆண்டுக்கு ஒருமுறை தங்கள் மனித உரிமை நிலவரத்துக்கு மற்ற நாடுகளின் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்லியாக வேண்டும். 2008-இல் தொடங்கிய ஏற்பாடு இது, யு.பி.ஆர். (Universal Periodic Review) என்பார்கள். ஒரு நாட்டுக்கு மூன்றரை மணி நேரம். அதற்கு மூன்று ஆவணங்கள் மேசைக்கு வரும்: அரசு தன்னைப் பற்றித் தானே எழுதிய அறிக்கை, ஐ.நா. அமைப்புகள் சொன்னவற்றின் தொகுப்பு, தன்னார்வ அமைப்புகளும் மற்றவர்களும் அனுப்பியவற்றின் சுருக்கம். இந்த மூன்றாவதுதான் சுவாரசியமானது. அமைப்புகள் அனுப்பியதெல்லாம் கட்டுக்கட்டாக வந்து குவியும், அவ்வளவையும் பத்துப் பக்கத்துக்குள் அடக்க வேண்டும். அலுவலகம் தன் கருத்தை அதில் ஒரு வரிகூடச் சேர்க்கக் கூடாது. சொன்னது யார் என்பது ஒவ்வொரு வாக்கியத்திலும் இருக்க வேண்டும். ஏன் இவ்வளவு கறார் என்றால், ஒரு வரி ஆட்டம் கண்டால் போதும், அந்த நாட்டுத் தூதர் அதைப் பிடித்துக்கொண்டு மொத்த ஆவணத்தையும் சந்தேகத்துக்குள்ளாக்கி விடுவார்.

நான் பார்த்த கோப்புகளைப் பற்றிப் பேச மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதனால் ஒரு கற்பனை உதாரணம். ஒரு தாய் சொல்கிறார்: "ராத்திரி போலீஸ் ஜீப்பில் வந்து என் பையனைக் கூட்டிக்கொண்டு போனார்கள், ஸ்டேஷனில் வைத்து அடித்தார்கள்." கேட்டதும் நமக்கு ரத்தம் கொதிக்கும். கண்காணிப்பு வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பம். ஜீப்பை அவர் கண்ணால் பார்த்தாரா? சீருடையில் இருந்தார்களா? எத்தனை மணி, அப்போது தெருவில் கரண்ட் இருந்ததா? அடித்தது அவருக்கு எப்படித் தெரியும்? பக்கத்து அறையில் இருந்தவர் வெளியே வந்து சொன்னார் என்றால், அந்தப் பகுதிக்குச் சாட்சி தாய் இல்லை, அவர்தான். அவரைத் தனியாகப் பார்க்க வேண்டும். மருத்துவச் சீட்டில் இருக்கும் காயமும் அவர் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் களத்தில் இருக்கும் அனுபவசாலிகளின் வேலை. அவர்கள் அனுப்பும் குறிப்பில் பார்த்ததையும் கேள்விப்பட்டதையும் பிரித்து அடுக்கி, ஓட்டை எங்கே என்று குறித்துத் தருவதுதான் இன்டர்ன் பாடு.

இன்னொன்று. அந்தத் தாயின் பெயரைப் போடலாமா என்று அவரிடமே கேட்க வேண்டும். பெயர் வெளியே வந்தால் நாளைக்கு அவர் வீட்டுக் கதவை யார் தட்டுவார்கள்? நம் அறிக்கை நன்றாக அமைய வேண்டும் என்பதற்காக அவரைச் சிக்கலில் மாட்டிவிடக் கூடாது. இந்தத் துறையில் இதற்கு மேல் ஒரு விதி கிடையாது. வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவை முகத்தைக்கூட மறைக்காமல் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டு 'அம்பலப்படுத்திவிட்டேன்' என்று நினைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

வீடியோக்களுக்கும் இப்போது முறை வந்துவிட்டது. ஐ.நா. அலுவலகமும் பெர்க்லி பல்கலைக்கழக மனித உரிமை மையமும் சேர்ந்து இணையத்தில் கிடைக்கும் படங்களையும் வீடியோக்களையும் எப்படிச் சரிபார்ப்பது என்று சொல்லும் பெர்க்லி நெறிமுறையை 2020-இல் வெளியிட்டன. கடைப் பலகை, மலையின் வடிவம், நிழல் விழும் திசை என ஒவ்வொன்றாக எடுத்துச் செயற்கைக்கோள் படத்தோடு பொருத்திப் பார்க்கலாம். மூலக் கோப்பைத் தொடாமல் பாதுகாப்பது அதைவிட முக்கியம்.

சரி, இவ்வளவும் செய்து என்ன ஆகப் போகிறது? நியாயமான கேள்வி. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்திட்டது. அதற்குக் கட்டுப்படுவதாக இன்றுவரை உறுதிப்படுத்தவில்லை. யு.பி.ஆரில் நம் முறை வரும்போதெல்லாம் நாடுகள் அதைக் கேட்கின்றன, நாமும் பார்ப்போம் என்கிறோம். ஜெனீவா யாரையும் கைதுசெய்யாது. ஆனால் கேட்டதும் பதில் சொன்னதும் பதிவாகி நிற்கின்றன. இலங்கை விஷயத்தில் 2021 மார்ச்சில் மனித உரிமைப் பேரவையில் நிறைவேறிய 46/1 தீர்மானம் இன்னும் ஒரு படி மேலே போய், சாட்சியங்களைத் திரட்டி, ஆராய்ந்து, பாதுகாக்கும் பொறுப்பையே அந்த அலுவலகத்திடம் கொடுத்தது. என்றைக்காவது ஒரு நாட்டின் நீதிமன்றம் கேட்டால் எடுத்துக் கொடுக்கத்தான். அந்த நாள் வருமா என்று தெரியாமலே ஒழுங்காக அடுக்கி வைக்க வேண்டிய வேலை. பொறுமை இல்லாதவர்களுக்கு இது சரிப்படாது.

அப்புறம் பணம். ஐ.நா. தலைமைச் செயலகத்தைச் சேர்ந்த அலுவலகங்களில் இன்டர்னுக்குச் சம்பளம் இல்லை. விமானச் சீட்டு, விசா, காப்பீடு, வாடகை எல்லாம் நம் தலையில். உலகிலேயே செலவு அதிகமான ஊர்களில் ஒன்று ஜெனீவா. 2015-இல் நியூசிலாந்து இளைஞர் ஒருவர் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கி ஐ.நா.வில் இன்டர்னாக இருந்தது உலகச் செய்தி ஆனது. கவனத்தை ஈர்க்கத்தான் செய்தேன் என்று அவரே பிறகு சொன்னார், ஆனாலும் அவர் காட்டிய நிலைமை பொய் இல்லை. யூனிசெஃப், உலக சுகாதார நிறுவனம் போன்றவை பின்னால் உதவித்தொகை தர ஆரம்பித்தன. எனக்கு வெளியே ஓர் உதவித்தொகை கிடைத்தது, போனேன். கிடைக்காதவர்கள் போக முடியாது. ஏழைகளின் உரிமையைப் பேசும் இடத்துக்கு வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே வந்து சேர்வது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

அதனால் என் மாணவர்களிடம் விண்ணப்பம் போடுங்கள், ஆனால் அதற்காகக் காத்திருக்காதீர்கள் என்பேன். டெல்லியில் தேசிய மனித உரிமை ஆணையமே இன்டர்ன்களை எடுக்கிறது. மதுரையில் மக்கள் கண்காணிப்பகம் என்ற அமைப்பு 1995 முதல் இதே வேலையைச் செய்துவருகிறது. உண்மை அறியும் குழு ஒன்றோடு ஒருமுறை போய்வாருங்கள், ஒரு எஃப்.ஐ.ஆரையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையையும் பக்கத்தில் வைத்துத் தேதியையும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். யு.பி.ஆருக்கு எழுத ஐ.நா. அங்கீகாரம்கூடத் தேவையில்லை. நம் ஊர்ச் சிறிய அமைப்பும் அனுப்பலாம், 2,815 சொற்களுக்குள் எழுதினால் போதும்.

பிரெஞ்சு தெரிய வேண்டுமா என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். அலுவலகத்தில் பெரும்பாலும் ஆங்கிலமே போதும். வீட்டு உரிமையாளரிடம் வாடகைக்கு அறை கேட்கும்போதுதான் தேவைப்படும், அதற்குள் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.