விரதம் இருக்கும் குட்டிக்குச் சீனி ஏன் ஏறுகிறது?

வணக்கம் உறவுகளே! முல்லைத்தீவுக் கடற்கரையில் நின்று பேசுகிறேன். காற்று இரைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குச் சீனி வருத்தத்தைப் பற்றிய கதை. ஆனால் ஆள் மனிதர் இல்லை, வட யானைச் சீல் என்கிற கடல் விலங்கின் குட்டி. தேடிக்கொண்டு நந்திக்கடலுக்குப் போய்விடாதீர்கள்! அது கலிபோர்னியாப் பக்கத்துக் கரைகளில்தான் குட்டி போடும்.

குட்டி ஏறக்குறைய நான்கு கிழமை பால் குடிக்கும். அதுவரை தாய் ஒரு மீன்கூடத் தின்னாது. பால் நாளாக நாளாகத் தடித்து, கடைசியில் பாதிக்குப் பாதி கொழுப்பாகிவிடும். இனிப்பு என்று சொல்ல அதில் அநேகமாக ஒன்றும் இல்லை. 40 கிலோவுக்குக் கிட்டப் பிறந்தது 100 கிலோவைத் தாண்டி உருண்டு கிடக்கும். கறுப்பு மயிர் திட்டுத் திட்டாகக் கழன்று, அடியிலிருந்து வெள்ளி நிறம் எட்டிப் பார்க்கும். அந்த நேரம் பார்த்துத் தாய் விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விடும்.

அப்புறம் இரண்டு மூன்று மாதம் சாப்பாடே இல்லை. நாங்கள் கந்தசஷ்டி ஆறு நாளையே ஊரெல்லாம் சொல்லித் திரிகிறோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கிளினிக்கில் வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்து, சீனி 126 mg/dLக்கு வந்தால் சலரோகம் என்று எழுதுவார்கள். பட்டினி கிடக்கும் இந்தக் குட்டிகளுக்கு அந்தக் கோட்டை ஒட்டியும் தாண்டியும் நிற்கும். இரத்தத்துச் சீனியை இறக்குகிற இன்சுலினோ குறைவு. இருக்கிற இன்சுலினையும் உடம்பு பெரிதாகக் கணக்கெடுப்பதில்லை.

தின்னாத குட்டிக்குச் சீனி எங்கிருந்து? ஈரல்தான் செய்து விடுகிறது. பால்குடிக் காலத்தில் பாலின் புரதமும், கொழுப்பு உடையும்போது வரும் கிளிசரோலும் கைகொடுக்கும். விரதத்தில் நடப்பது இன்னும் கெட்டித்தனமான வேலை. இரத்தத்துச் செங்குழியங்களுக்குக் குளுக்கோஸை, அதாவது இந்த இரத்தச் சீனியை, தவிர வேறு எதுவும் ஆகாது. ஆழத்துக்கு முங்கும் சாதி என்பதால் இதற்கு இரத்தமும் அதிகம். அந்தச் செங்குழியங்கள் குளுக்கோஸை உடைத்து லாக்டேட் என்கிற பொருளாக்கி வெளியே விட, ஈரல் அதைப் பிடித்துத் திரும்பவும் குளுக்கோஸாக்கி அனுப்பும். அதே சரக்குத்தான் சுற்றிச் சுற்றி வருகிறது, எரிந்து தீர்வது மிகக் கொஞ்சம்.

உடம்பை ஓட்டுவது கொழுப்பு. இன்சுலின் தாழ்ந்திருப்பதால்தான் அந்தக் கொழுப்பு தடையில்லாமல் இறங்கி வருகிறது. தசை கொழுப்பை எடுத்துக்கொண்டு, சீனியை மூளைக்கும் இரத்தத்துக்கும் விட்டுவிடுகிறது. தசை கரைவது சொற்பம். நீந்தப் பழக வேண்டிய குட்டி, தசையைத் தின்று தீர்த்தால் எதை வைத்து நீந்தும்?

எங்களுக்கு இதே நிலை வருடக்கணக்கில் நின்றால் கண்ணும் சிறுநீரகமும் போய்விடலாம். அதனால் 'சீல் குட்டியே சமாளிக்கிறது' என்று மாத்திரையை நிறுத்திவிட்டு என்னிடம் வராதீர்கள். விரதம் பிடிக்கிற எண்ணம் இருந்தால் முதலில் கிளினிக்கில் கேளுங்கள்.