எந்த மாத்திரைக்குப் பயப்பட வேண்டும்?

(முக்கூடலில் பீடித் தொழிலாளர் குடும்பங்களுக்காக நடந்த மருத்துவ முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம்.

"பிரஷர் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டால் கிட்னி போய்விடும்." நெல்லைச் சீமையில் இந்தப் பேச்சு என் காதில் விழாத நாளே இல்லை. சேரன்மகாதேவியில் சொல்கிறார்கள், ஆலங்குளத்தில் சொல்கிறார்கள், நன்றாகப் படித்தவர்களும் சொல்கிறார்கள். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுபட்டவர்கள் இதை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டு, கடைசியில் டயாலிசிஸ் கட்டிலில் வந்து படுக்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. அதனால் இன்று இதைத்தான் பேசப் போகிறேன்.

சிறுநீரகத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பு பழைய செய்தி. சிறுநீரகம் கெட்டு இறந்தவர்களின் இதயம் பெருத்திருப்பதை 1836-லேயே லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் பிரைட் கவனித்து எழுதினார். 1898-ல் ஸ்வீடனில் டைகர்ஸ்டெட்டும் பெர்க்மனும் முயலின் சிறுநீரகச் சாற்றை வேறு முயல்களுக்குச் செலுத்தினார்கள், அழுத்தம் ஏறியது. சாற்றிலிருந்த அந்தப் பொருளுக்கு ரெனின் என்று பெயரிட்டார்கள். பழுதான சிறுநீரகம் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்குகிறது, ரெனினையும் சுரக்கிறது. அழுத்தம் ஏறுகிறது. ஏறிய அழுத்தம் திரும்பி வந்து அதே சிறுநீரகத்தைத் தாக்குகிறது. இந்தச் சுழலை எங்காவது ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும்.

எங்கே அறுப்பது? ஒரு சிறுநீரகத்தில் சுமார் பத்து லட்சம் நுண்வடிகட்டிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ரத்தம் வருவதற்கு ஒரு குழாய், போவதற்கு ஒரு குழாய். தாமிரபரணிப் பாசனத்தில் வயல் வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தண்ணீர் வரும் வாமடையைத் திறந்துவிட்டு, வெளியேறும் மடையை நெருக்கினால் வயலில் தண்ணீர் ஏறி வரப்பு உடையும். ரெனின் கிளப்பிவிடும் ஆஞ்சியோடென்சின் என்ற பொருள் செய்வது இதைத்தான்: போகும் குழாயை நெருக்குகிறது. வடிகட்டிக்குள் அழுத்தம் கூடி, சிறுநீரில் புரதம் ஒழுகத் தொடங்குகிறது. எனலாபிரில், ராமிப்ரில், லோசார்டான், டெல்மிசார்டான் போன்ற மாத்திரைகள் அந்த வெளிமடையைத் தளர்த்திவிடுகின்றன.

இந்த வகையில் முதல் மாத்திரையான கேப்டோபிரில், பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சை ஆராய்ந்ததில் கிடைத்த துப்பைக் கொண்டு உருவானது. சர்க்கரை நோயால் சிறுநீரகம் பழுதானவர்களிடம் அதைச் சோதித்த ஆய்வு 1993-ல் வெளியானது. மரணம், டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் ஆகியவற்றின் அபாயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. கிட்னியைக் கெடுக்கும் என்று நாம் ஒதுக்குகிற மாத்திரையின் வரலாறு இது.

அப்படியானால் அந்தப் பேச்சு எப்படிக் கிளம்பியது? ரத்தப் பரிசோதனைச் சீட்டில் இருந்துதான். மாத்திரை தொடங்கும்போது கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு, ரத்தத்தில் 1.8 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் 2.1. வீடே பதறிப்போகிறது. வெளிமடை தளர்ந்ததால் வடிகட்டும் வேகம் சற்றுக் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். முதல் சில வாரங்களில் 30 சதவீதம் வரை ஏறி நின்றுவிட்டால் மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. அதற்கு மேல் ஏறினாலோ, பொட்டாசியம் கூடினாலோ மருத்துவர் காரணத்தைத் தேடுவார். தொடங்கிய இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் இரண்டையும் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். கர்ப்பிணிகளுக்கு இந்த வகை மாத்திரை கூடாது. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இனி, உண்மையிலேயே பயப்பட வேண்டிய மாத்திரைக்கு வருகிறேன்.

விடிந்ததிலிருந்து மடியில் சுளகை வைத்துக் குனிந்து பீடி சுற்றுகிறீர்கள். கழுத்தும் இடுப்பும் வலிக்காமல் என்ன செய்யும்? அந்த வலியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஓர் ஆச்சி முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். கத்தரித்த பட்டையில் இரண்டு மாத்திரை மீதி இருந்தது; பெயரில் பாதி கடையிலேயே போய்விட்டது. திருப்பிப் பார்த்தால் 'டைக்ளோ' என்ற எழுத்துகள் மட்டும் தெரிந்தன. டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் வாமடையை அடைப்பவை. சிறுநீரகத்துக்கு வரும் ரத்தமே குறைகிறது, உப்பு தேங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது. பிரஷர் மாத்திரையோடும் நீர் பிரியும் மாத்திரையோடும் இதுவும் சேர்ந்தால் சில நாளிலேயே சிறுநீரகம் முடங்கிவிடக்கூடும். பிரஷர் மாத்திரைக்குப் பயந்து அதை விட்டவர், வலி மாத்திரையைப் பயமே இல்லாமல் விழுங்குகிறார்! வலிக்கு மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் பெரும்பாலும் பாதுகாப்பானது. கடையில் "வலிக்கு ஏதாவது கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். "எனக்குக் கிட்னியில் கோளாறு இருக்கிறது" என்று முதலில் சொல்லுங்கள்.

வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்தால் வாய்க்காலிலேயே தண்ணீர் இல்லாத நிலை. அப்போது மருத்துவரைக் கேட்டு, பிரஷர் மாத்திரைகளில் சிலவற்றைச் சில நாள் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். உடம்பு தேறியதும் மறக்காமல் மீண்டும் தொடங்க வேண்டும்.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். குழம்பில் போடுவது மட்டும் கணக்கல்ல. பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் மோர்மிளகாய், ஊறுகாய், கருவாடு, அப்பளம் எல்லாம் அதற்குள் அடக்கம். தூத்துக்குடி உப்பளத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்வது கடினம்தான், ஆனாலும் சொல்லியாக வேண்டும். இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம்தான். சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் கலந்திருக்கிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது இதயத் துடிப்பையே குலைத்துவிடும்.

அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும்? பொதுவாக 130/80-க்குக் கீழ். முறையாக அளந்து, தலைசுற்றல் இல்லாமல் தாங்குபவர்களுக்கு மேல் அளவை 120-க்குக் கீழே கொண்டுவரலாம் என்கிறது 2021-ன் சர்வதேச வழிகாட்டுதல். ஒரே மாத்திரையில் இது கைகூடுவது அபூர்வம். இரண்டு, மூன்று எழுதினால் நோய் முற்றிவிட்டதாக நினைக்காதீர்கள்.

பக்கத்து அறையில் செவிலியர்கள் அழுத்தம் பார்க்கக் காத்திருக்கிறார்கள். டீ குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்த மாத்திரை, கடையில் வாங்கியது, முந்தானையில் முடிந்திருப்பது எல்லாவற்றையும் மேசையில் எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன்.