முற்றத்து வெயிலும் இரண்டாம் கட்டு இருட்டும்

(காரைக்குடியில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது. பேச்சில் சுற்றி வளைத்த இடங்களைக் குறைத்து எழுதியிருக்கிறேன்.)

அனைவருக்கும் வணக்கம்.

"ஃபிலிமா, டிஜிட்டலா, எது ஒசத்தி?" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பட்டிமன்றத்துக்கு நல்ல தலைப்புதான், ஆனால் எனக்குப் பட்டிமன்றம் வராது. அதனால் நம் ஊர் வீடு ஒன்றுக்குள் உங்களைக் கூட்டிப் போகிறேன்.

சித்திரை மாதம், உச்சிவேளை. வளவு முற்றத்தில் வெயில் நேராக விழுகிறது. வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரை நீட்டினால் 1 லட்சத்தை ஒட்டிக் காட்டும். பத்தியை, அதாவது முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தை, தாண்டி இரண்டாம் கட்டு அறைக்குள் போனால் 50 இருந்தாலே அதிகம். 2000 மடங்கு வித்தியாசம். ஒளிப்பதிவாளர்கள் நாங்கள் இதை ஸ்டாப் கணக்கில் பேசுவோம். ஒரு ஸ்டாப் ஏறினால் வெளிச்சம் இரட்டிக்கும். 2000 மடங்கு என்றால் 11 ஸ்டாப். அதோடும் முடியவில்லை. வெயிலில் நிற்பது வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர். விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே இருப்பது கறுத்துப்போன பர்மா தேக்குக் கதவு. நூற்றில் மூன்று பங்கு திருப்பினால் பெரிது. அதற்கு இன்னொரு 5 ஸ்டாப். ஆக 16. ஆச்சி அறைக்குள் உட்கார்ந்தபடியே முற்றத்தில் காயும் வற்றலைக் காக்கா கொத்துகிறதா என்று பார்த்துக்கொள்வார். பெரும்பாலான கேமராக்களுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

நல்ல கலர் நெகட்டிவ் ஃபிலிம் 13, 14 ஸ்டாப் பிடிக்கும். 2010இல் வந்த ஆரி நிறுவனத்தின் அலெக்ஸா என்ற டிஜிட்டல் கேமரா 14ஐத் தொட்டது. 2022இல் வந்த அலெக்ஸா 35க்கு அந்த நிறுவனம் சொல்லும் கணக்கு 17. எண்ணிக்கையில் டிஜிட்டல் தாண்டிவிட்டது. ஆனால் எத்தனை ஸ்டாப் என்பதைவிட, அது வெளிச்சத்தின் பக்கமா நிழலின் பக்கமா, எப்படி முடிகிறது என்பதில்தான் எனக்கு அக்கறை.

மழைக்காலத்தில் முற்றத்தைச் சுற்றி அண்டாக்களை வரிசையாக வைப்போம் இல்லையா? டிஜிட்டல் கேமராவில் வெளிச்சத்தை வாங்கும் சென்சார் அந்த மாதிரிதான். அண்டா நிறைந்துவிட்டால் அப்புறம் எவ்வளவு கொட்டினாலும் விளிம்பு மட்டம்தான். எந்த அண்டாவில் அதிக மழை விழுந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஃபிலிமில் இருப்பவை வெள்ளி உப்புத் துகள்கள். பெரிய துகள் சீக்கிரம் வெளிச்சத்துக்கு வசப்படும், பொடித்துகள் மெதுவாக. ஒவ்வொரு நிறத்துக்கும் வேகமானது, மெதுவானது என்று பல அடுக்காகப் பூசியிருப்பார்கள். பெரியவை தீர்ந்த பிறகும் பொடிசுகள் பாக்கி இருக்கும். அதனால் உச்சி வெளிச்சம் சுவரில் முட்டி நிற்காமல் மெல்ல மெல்லச் சாயும். ஹர்ட்டர், ட்ரிஃபீல்டு என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1890லேயே இந்த வளைவைக் கோடு போட்டுக் காட்டிவிட்டார்கள்.

ஆகவே ஃபிலிம் காலத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்தது: நிழலுக்கு அளந்து வை, வெளிச்சம் தன்னைப் பார்த்துக்கொள்ளும். அந்தப் பழக்கத்தோடு டிஜிட்டலுக்கு வந்து நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். கானாடுகாத்தானில் ஒரு வீடு. வேட்டி கட்டிய பெரியவர் பத்தியிலிருந்து இறங்கி முற்றத்தைக் கடக்க வேண்டும். பத்தி நிழலில் இருந்த முகத்துக்கு அளந்தேன். மானிட்டரில் பழுது ஒன்றும் தெரியவில்லை. சில வாரம் கழித்து டி.ஐ.யில், அதாவது படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் கணினியில் சரிசெய்யும் இடத்தில் பார்த்தால், வேட்டி எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. ஒரு தலையும் இரண்டு கைகளும் மட்டும் முற்றத்தைக் கடந்து போயின. கலரிஸ்ட் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிழல் பக்கம் கதை வேறு. ஃபிலிமில் துகளை எழுப்ப ஒரு குறைந்தபட்ச வெளிச்சம் வேண்டும். அதற்குக் கீழே வெறும் இருட்டு. இன்றைய சென்சார் அந்த இருட்டிலும் கதவின் செதுக்கு வேலையைக் காட்டும். ஆனால் சென்சார் கணக்கு எழுதும் விதத்தில் ஒரு அநியாயம் உண்டு. 14 பிட் என்றால் 16,384 படிகள். உச்சி ஸ்டாப் மட்டும் 8,192ஐ எடுத்துக்கொள்ளும். அடுத்தது 4,096. சொத்துப் பிரிக்கும்போது மூத்தவர் பாதி, அடுத்தவர் மிச்சத்தில் பாதி என்று போனால் கடைக்குட்டிக்குச் சாவிக்கொத்துகூட மிஞ்சாது. லாக் (log) என்று நாங்கள் சொல்லும் பதிவு முறை, பஞ்சாயத்தார் வந்து ஏறக்குறைய சமபங்கு பண்ணி வைப்பது. அலெக்ஸா இன்னொன்றும் செய்தது: சென்சாரின் ஒவ்வொரு புள்ளியையும் ஒரே நேரத்தில் பெருக்கியும் அடக்கியும் இரண்டு விதமாகப் படித்துச் சேர்த்தது. நிழல் சுத்தமாக வந்தது அதனால்தான்.

இவ்வளவும் பிடித்து என்ன, தியேட்டர் புரொஜக்டருக்கு டி.சி.ஐ. என்ற ஹாலிவுட் ஸ்டுடியோக்களின் அமைப்பு வகுத்த கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம்) அளவு 2000க்கு 1. அதே 11 ஸ்டாப். பதினாறையும் அதற்குள் மடித்து வைக்கத்தான் டி.ஐ. உட்காருகிறோம்.

அந்தக் கானாடுகாத்தான் காலையில் வயதான லைட்மேன் அண்ணன் ஒருவர், "முற்றத்துக்கு மேல ஸ்கிம்மர் கட்டிரலாமா சார்?" என்று கேட்டிருந்தார். வெயிலைத் தணிக்கக் கட்டும் துணிதான் ஸ்கிம்மர். 14 ஸ்டாப் கேமரா இருக்கிற தெனாவட்டில் வேண்டாம் என்றேன். அடுத்த படத்துக்கு அதே வீடு, அதே அண்ணன். போனவுடன் ஸ்கிம்மரைத்தான் கட்டச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கயிற்றை மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறுக்கிக் கட்டினார்.